"பாவப்பட்ட சாதுக் கொரியா": பிரெஞ்சுக்காரர் பார்வை பாசமா, பரிதாபமா?

#1 மேகலா_திண்டிவனம்

போன வாரம் வேறொரு இழையில் ஒருவர் போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போனார்: "ஐரோப்பியன் எவனும் கொரியாவை மதிச்சதில்ல, பிரெஞ்சுக்காரனும் அதே குட்டையில் ஊறிய மட்டைதான்." அங்கேயே பதில் சொன்னால் இழை திசைமாறும் என்பதால் தனியாகத் திறக்கிறேன்.

என் கட்சி இதுதான். ஜப்பான் 1905-ல் கொரியாவைத் தன் பாதுகாப்பின்கீழ் கொண்டுவந்து, 1910-ல் முழுசாக விழுங்கி, 1945 வரை வயிற்றிலேயே வைத்திருந்தது. அந்தக் காலத்தில் கொரியாவுக்கென்று தனி மொழி, தனி எழுத்து, தனி ரசனை உண்டு என்று ஐரோப்பாவில் எழுதிவைத்தவர்களில் பிரெஞ்சுக்காரர்கள் முன்வரிசை.

மொரீஸ் கூரானை எடுத்துக்கொள்ளுங்கள். 1890-ல் சோல் தூதரகத்துக்கு மொழிபெயர்ப்பாளராக வந்தபோது அவருக்கு வயது 24. இரண்டு வருசம்கூட முழுசாக அங்கே இல்லை. அதற்குள் கொரிய நூல்களைத் தேடித்தேடிக் குறிப்பெடுத்து, 1894 முதல் 1896 வரை மூன்று தொகுதிகளாகப் பட்டியல் வெளியிட்டார். 1901-ல் ஒரு பின்னிணைப்பு. மொத்தம் 3,821 பதிவுகள். பட்டியல் என்றதும் வெறும் தலைப்பு வரிசை என்று நினைக்காதீர்கள். சோலில் கதைப்புத்தகத்தை வாடகைக்கு விடும் கடைகளைப் பற்றி அதன் முன்னுரையில் எழுதுகிறார். புத்தகம் எடுக்கப் பணமோ பொருளோ ஈடு வைக்கவேண்டும். கும்முட்டி அடுப்பு, சட்டி என்று வீட்டில் இருப்பதைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதை வாங்கிப்போவார்களாம்.

அடுப்பை ஈடு வைத்துக் கதை படித்த ஊர். இதைக் கவனித்து எழுதியவனை மட்டை என்றால் எனக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

அவருக்கு முன்பே ஆன்ரி சூபேர் என்ற கடற்படை அதிகாரி எழுதியிருக்கிறார்: பரம ஏழை வீட்டிலும் புத்தகம் இருக்கிறது, இது நம் தற்பெருமைக்கு உவப்பான செய்தி அல்ல என்று. 1873-ல் ஒரு பிரெஞ்சுப் பயண இதழில் வந்தது. 1919-ல் விடுதலை கேட்டுக் கொரியத் தூதுக்குழு பாரிசுக்கு வந்தபோது அதற்குத் தோள்கொடுத்த பிரெஞ்சுக்காரர்களும் உண்டு. மட்டைக்காரர் வந்து பதில் சொல்லட்டும்.

#2 கரிசல்காட்டான்

அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்லியே கூப்பிட்டிருக்கலாம், கோபித்திருக்க மாட்டேன்.

மேகலா, நீங்கள் மேற்கோள் காட்டிய சூபேர் அந்த ஏழை வீடுகளுக்குள் எப்படிப் போனார்? விருந்துக்கா? 1866-ல் கொரிய அரசு கத்தோலிக்கர்களை வேட்டையாடியபோது நாட்டிலிருந்த 12 பிரெஞ்சுப் பாதிரிகளில் 9 பேர் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பழிவாங்க அட்மிரல் ரோஸ் 7 கப்பலோடு கங்வா தீவில் இறங்கினார். சூபேர் அந்தப் படையில் ஒருவர். திரும்பும்போது தீவிலிருந்த அரச கட்டடங்களுக்குத் தீ வைத்து, வெள்ளியை அள்ளி, அரச நூலகத்திலிருந்து உய்க்வே ஏடுகள் 297-ஐத் தூக்கிக்கொண்டு போனார்கள். கதவை உடைத்து உள்ளே போனவனுக்குத்தானே அலமாரியில் என்ன இருக்கிறது என்று தெரியும்? "எவ்வளவு புத்தகம்!" என்று வியந்தார் சரி. வியந்த கை சும்மா இருந்ததா?

அடுத்து உங்கள் ஆட்கள் கொரியாவுக்கு வைத்த செல்லப்பெயர். ழோர்ஜ் துய்க்ரோக் 1904-ல் போட்ட பயண நூலின் தலைப்பே "பாவப்பட்ட சாதுக் கொரியா". எங்கள் ஊர் மாட்டுச்சந்தையில் தரகர் சொல்வார், "சாது மாடுங்க, குழந்தை போய்க் கயித்தப் பிடிச்சாலும் வரும்." அந்தச் சொல் மாட்டுக்காகச் சொல்வதில்லை, வாங்க வந்தவனுக்காகச் சொல்வது. 1904-ல் வாங்க நின்றவர் யார் என்று உங்களுக்கே தெரியும். ரஷ்ய-ஜப்பான் போர் தொடங்கிய வருசம்.

#3 ட்ராமா_ரசிகை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். உய்க்வே என்றால் என்ன? அரச கதையா?

#4 மேகலா_திண்டிவனம்

கதை இல்லை ரசிகை. அரண்மனையில் ஒரு கல்யாணம், ஒரு சாவு, ஒரு பட்டாபிஷேகம் நடந்தால் அதை முழுக்க எழுதிவைக்கும் பதிவேடு. ஊர்வலத்தில் யார் எந்த இடத்தில் நின்றார், எந்த நிற உடை, பல்லக்குக்கு என்ன மரம், எத்தனை ஆணி, செலவு எவ்வளவு, வேலைசெய்த தச்சன் பெயர், ஓவியன் பெயர் வரை இருக்கும். ராஜா பார்ப்பதற்கென்று பட்டு அட்டையில் தனிப்பிரதி. கங்வாவில் போனவற்றில் பெரும்பாலும் அந்த ராஜ பிரதிகள்.

கரிசல் அண்ணே, 1866 கொள்ளையை நான் மறுக்கவில்லை. ஆனால் பேச்சு காலனி காலத்தைப் பற்றியது. ஜப்பான் வருவதற்கு 40 வருசம் முந்தைய படையெடுப்பைக் காட்டி 1920-ல் எழுதியவனைத் தண்டிப்பது என்ன நியாயம்? தாத்தா குடித்த கடனுக்குப் பேரன் வீட்டு ஜப்தியா?

#5 கரிசல்காட்டான்

தாத்தா வாங்கிய பொருள் பேரன் வீட்டுக் கூடத்தில் இருந்தால் ஜப்திதான். காலனி காலம் முழுக்க அந்த ஏடுகள் பாரிஸ் தேசிய நூலகத்தில்தான் கிடந்தன. அவற்றை 1970களில் அடையாளம் கண்டு உலகத்துக்குச் சொன்னவர் அங்கே வேலைபார்த்த பார்க் பியொங்-சன் என்ற கொரியப் பெண்மணி. நூறு வருசத்துக்குமேல் கையில் வைத்திருந்த ரசிகர்களுக்கு அது என்னவென்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. 1993-ல் கொரியாவுக்கு அதிவேக ரயில் விற்கும் பேச்சு நடந்தபோது பிரெஞ்சு ஜனாதிபதி மித்தெரான் ஒரே ஒரு ஏட்டைக் கையோடு கொண்டுபோனார். அதைக் கொடுக்கவும் நூலகக்காரர்கள் மல்லுக்கட்டினார்கள். மிச்சம் 2011-ல் போனது. எப்படி? "திருப்பித் தருகிறோம்" என்று இல்லை, ஐந்து வருசத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் கடனாக. திருடிய வீட்டுக்கே இரவல்!

#6 பாண்டி_ராயப்பன்

வணக்கம். நான் புதுச்சேரி. எங்கள் ஊர்க்காரர் ஒருவரை இந்த இழைக்குள் கூட்டிவரலாமா?

1866-ல் தப்பிய மூன்று பாதிரிகளில் ஒருவர் ஸ்தனிஸ்லாஸ் பெரோன். இரண்டு வருசம் கழித்து, ஓப்பெர்ட் என்ற ஜெர்மன் வியாபாரியோடு சேர்ந்து கொரியாவுக்குத் திருட்டுத்தனமாகப் போனார். எதற்குத் தெரியுமா? அப்போது ஆட்சியைக் கையில் வைத்திருந்த தேவொங்குனின் தந்தை சமாதியைத் தோண்டி, எலும்பை எடுத்துவைத்துக்கொண்டு பேரம் பேச. முன்னோர் வழிபாடு அவர்களுக்கு உயிர் என்று நன்றாகப் புரிந்துகொண்ட மனுஷன்தான் இந்த யோசனைக்கு உடன்பட்டார். சமாதி உடையவில்லை, திட்டம் நாறியது. பிறகு அவரை அனுப்பிவைத்த இடம் எங்கள் பாண்டிச்சேரி மிஷன்.

இன்னொருவர் ஷார்ல் தல்லே. 1874-ல் கொரியத் திருச்சபை வரலாறு என்று இரண்டு தொகுதி எழுதினார். அதன் நெடிய முன்னுரைதான் பல காலம் கொரியா பற்றி ஐரோப்பா படித்த பாடப்புத்தகம். அவர் கொரியாவை மிதித்ததே இல்லை. மைசூர் மிஷனில், பெங்களூர்ப் பக்கம் இருந்தவர். கொல்லப்பட்ட பாதிரிகள் அனுப்பிய கடிதங்களை வைத்து எழுதியது. கொரியர்கள் விருந்தோம்பலைக் கடமையாக நினைப்பவர்கள், ஒருவருக்கொருவர் ஓடி உதவுபவர்கள் என்று மனதாரப் புகழ்கிறார். அடுத்து, சாப்பாட்டைக் கண்டால் அளவே தெரியாதவர்கள், மூக்குக்கு மேல் கோபம் என்கிறார். பார்க்காத ஊரின் சாப்பாட்டு அளவு!

நான் கத்தோலிக்கன். அந்தப் பாதிரிகள் பட்ட பாடு சாதாரணமில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

#7 லா_ஷப்பெல்_தம்பி

மேகலா அக்கா சொன்ன 1919 தூதுக்குழு இருந்த இடம் 38, ரூ த ஷதோதன். ஒன்பதாம் வட்டாரம். நான் உந்த ரோட்டாலதான் வேலைக்குப் போறனான். சுவரில ஒரு பலகை கொழுவியிருக்கு. கன நாளா ஏதோ பழைய வங்கிக்காரன்ர பலகை எண்டு நினைச்சிட்டன்.

கரிசல் அண்ணைக்கு ஒரு சின்னத் திருத்தம். அந்தப் புத்தகத் தலைப்பில இருக்கிற "டூஸ்" எண்ட சொல்லு சாது மட்டும் இல்லை. இனிமைக்கும் அதுதான், மெதுமைக்கும் அதுதான். குடிக்கிற நல்ல தண்ணிக்கும் இஞ்ச அதே சொல்லுத்தான். மாட்டுச்சந்தைக்குக் கொண்டுபோனது நீங்கள்.

#8 கரிசல்காட்டான்

ஏற்கிறேன் தம்பி, தண்ணீர் அர்த்தம் எனக்குத் தெரியாது. ஆனால் "டூஸ்" தனியாக வரவில்லையே, "பாவப்பட்ட"வோடு கைகோத்து வருகிறது. வெள்ளை உடுத்த மக்கள், கூரைவீடு, சாந்தம். இந்தச் சித்திரத்தில் ஒரு ஆபீஸ் இருக்கிறதா? 1899-லேயே சோலில் மின்சார டிராம் ஓடியது. 1900 பாரிஸ் கண்காட்சியில் கொரிய அரசே மண்டபம் எழுப்பியது, நாங்களும் ஒரு நாடு என்று காட்டத்தான். பயணிக்கு அது கண்ணில் படாது. பட்டாலும் "ஐயோ, பழைய அழகு போச்சே" என்பான். நாவலாசிரியர் பியேர் லோத்தி 1901-ல் பிரெஞ்சுக் கப்பற்படையோடு சோலுக்குப் போய் எழுதியதைப் பாருங்கள். வெள்ளை உடையும் தொப்பியும் ராஜ சபை நடனமும் அவருக்கு ஒரு பொம்மைக் கொலு.

தூங்குகிறவன், பாவம், நல்லவன் என்று இருபது வருசம் எழுதினால், ஒருத்தன் வந்து "நான் எழுப்பிவிடுகிறேன்" என்று வீட்டுக்குள் நுழையும்போது யார் தடுப்பார்? ஜப்பான் சொன்ன நியாயமும் இதுதானே.

#9 மேகலா_திண்டிவனம்

டிராம் கண்ணில் படவில்லை என்பது உண்மையில்லை. 1904-லேயே நூல் எழுதிய எமில் பூர்தரே ரயில்வே பொறியாளர்! கொரியாவில் தண்டவாளம் போடப் போனவர். எல்லோரையும் லோத்தி தலையில் கட்டாதீர்கள்.

நீங்கள் தாண்டிப்போகும் பெயர் ஒன்று இருக்கிறது: ஃபெலிசியேன் ஷலாய். 1919 மார்ச் 1 அன்று கொரியா முழுக்க மக்கள் தெருவில் இறங்கி, ஜப்பான் சுட்டு அடக்கிய அந்த வருசம் அவர் கொரியாவுக்குப் போனார். திரும்பிவந்து 1920 தொடக்கத்தில் மனித உரிமைச் சங்கத்துக்காகப் பாரிசில் கூட்டம் போட்டுப் பேசினார். 1921-ல் "கொரியாவின் நண்பர்கள்" என்று ஒரு குழுவே உருவானது. அதற்கு லூயி மரேன் தலைவர். தூதுக்குழு "சுதந்திரக் கொரியா" என்று பிரெஞ்சில் மாத இதழ் நடத்தியது. ஒரு நாட்டின் பெயரையே வரைபடத்திலிருந்து அழித்துக்கொண்டிருந்தபோது அதே பெயரில் இதழ்! ஐரோப்பாவில் வேறெந்தத் தலைநகரில் நடந்தது, சொல்லுங்கள்.

#10 கரிசல்காட்டான்

> 1921-ல் "கொரியாவின் நண்பர்கள்" என்று ஒரு குழுவே உருவானது

அந்தக் குழுத் தலைவர் லூயி மரேன் யார்? வலதுசாரி நாடாளுமன்ற உறுப்பினர். 1901-ல் துய்க்ரோக்கோடு கொரியா சுற்றியவரும் அவரே. கொரியாவுக்குக் கண்ணீர் விட்டவர் பிரெஞ்சுக் காலனியாக இருந்த வியட்நாமுக்கு விட்டாரா? அதே 1919-ல் அதே பாரிசில் நுயென் ஐ குவாக் (பின்னாளில் ஹோ சி மின்) முதல் உலகப்போருக்குப் பிந்தைய வெர்சாய் சமாதான மாநாட்டுக்கு மனுப்போட்டார். கொரியரான கிம் க்யூ-சிக்கும் மனுப்போட்டார். இரண்டுமே குப்பைக்கூடை. பிரெஞ்சுப் போலீஸ் உளவாளிகள் இந்த இரண்டு கூட்டமும் சந்தித்துக்கொள்வதை உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். அதுவும் ஒரு பிரெஞ்சுப் பார்வைதான், மேகலா. ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது.

அதற்கு முன்னால் 1907. ஜூன் 10 அன்று பிரான்சும் ஜப்பானும் ஒப்பந்தம் போடுகின்றன. நடைமுறையில் அர்த்தம்: என் இந்தோசீனாவில் (வியட்நாமும் அதில்தான்) நீ கைவைக்காதே, உன் பக்கம் நடப்பதை நான் பார்க்கவில்லை. அடுத்த ஓரிரு வருசத்தில் டோக்கியோவில் படித்த வியட்நாம் மாணவர்களை ஜப்பான் விரட்டியது. அதே 1907 கோடையில் கொரிய அரசரின் தூதர்கள் ஜப்பான்மேல் முறையிட ஹேக் சமாதான மாநாட்டு வாசலில் நிற்கிறார்கள். உள்ளே விடவில்லை. அவர்களில் இளையவர் யி வி-ஜொங் பத்திரிகைக்காரர்கள் முன்னால் பேசினார். எந்த மொழியில்? பிரெஞ்சில்.

உங்கள் மொழியிலேயே கெஞ்சினார்கள். போதுமா?

#11 மேகலா_திண்டிவனம்

"உங்கள் மொழி"யா? நான் திண்டிவனம், பிரெஞ்சுக்கு நான் என்ன வக்கீலா? கோபத்தில் வார்த்தையை விடாதீர்கள்.

ஷலாய்க்குப் பதில் சொல்லாமல் மரேனுக்குத் தாவினீர்களே. 1905-ல் பிரெஞ்சுக் காங்கோவில் நடந்த கொடுமைகளை விசாரிக்கப் போன பிரஸ்ஸா குழுவில் இருந்தவர் ஷலாய். தன் நாட்டின் காலனிகளைக் கண்டித்துப் புத்தகம் எழுதியவர். கொரியாவுக்கு ஒரு கண், காங்கோவுக்கு ஒரு கண் என்று வைத்துக்கொண்டவர் அல்ல. வலதுசாரி மரேனும் இடதுசாரி ஷலாயும் கொரியாவுக்காக ஒரே பக்கம் நின்றார்கள் என்பதே எனக்குச் சுவாரசியமாக இருக்கிறது. ஒருவர் பழைய அழகுக்காக, ஒருவர் நியாயத்துக்காக. நீங்கள் இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறீர்கள்.

#12 நிர்வாகி

இரண்டு பேரும் ஆளை விட்டுவிட்டு விஷயத்தைப் பேசுங்கள். இதற்குமேல் "உங்கள்" "எங்கள்" வந்தால் பூட்டிவிடுவேன்.

#13 பாண்டி_ராயப்பன்

மேகலா சொன்ன "ஒரே சாக்கு" விஷயத்தில் எனக்கும் சொல்ல ஒன்று உண்டு.

1909 அக்டோபரில் ஆன் ஜுங்-க்யூன் ஹார்பின் ரயில் நிலையத்தில் ஜப்பானின் முன்னாள் பிரதமர் இதோ ஹிரோபுமியைச் சுட்டார். ஆன் கத்தோலிக்கர். அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் வில்லெம் பாதிரியார். சோலின் ஆயர் முத்தெல். இருவருமே ஒரே பாரிஸ் மிஷன் சபையின் ஆட்கள். மரண தண்டனை விதிக்கப்பட்ட ஆன், சாவதற்கு முன் ஒரு குருவானவரைக் கேட்டார். ஆயர் அனுமதிக்கவில்லை. வில்லெம் 1910 மார்ச்சில் தன்னிஷ்டமாகவே லூஷுன் சிறைக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் கேட்டு நன்மை (நற்கருணை) கொடுத்துவிட்டு வந்தார். ஆயர் அவரைத் தண்டித்தார்.

வில்லெம் தியாகி, முத்தெல் வில்லன் என்று முடித்துவிடலாமே என்று நினைப்பீர்கள். முடியாது. அடுத்த ஆண்டே, ஆனின் உறவினர் ஆன் மியொங்-க்யூன் சம்பந்தப்பட்ட சதி பற்றி வில்லெம் ஆயருக்குத் தகவல் எழுதினார். ஆயர் அதை நேரே ஜப்பானிய அதிகாரியிடம் கொண்டுபோனார். எங்கிருந்தோ தோண்டியதல்ல, முத்தெல் தன் நாட்குறிப்பிலேயே எழுதியிருக்கிறார். 1919 சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட 33 பேரில் புராட்டஸ்டண்டுகள் 16, சொந்தோக்யோ மதத்தார் 15, பௌத்தர் 2. கத்தோலிக்கர் பூஜ்யம். அது தற்செயல் இல்லை. ஆட்சியோடு மோதாதே, கோயிலைக் காப்பாற்று என்பதுதான் முத்தெலின் கொள்கை. கொரிய மொழி தண்ணீர்பட்ட பாடு. கொரியா முழுக்க நடந்தே பழகியவர். ஆனாலும் அந்த மக்கள் தாங்களாக ஆளத் தகுந்தவர்கள் என்று மட்டும் தோன்றவில்லை.

பாஷை தெரிந்தால் மக்களைத் தெரியும் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்.

#14 லா_ஷப்பெல்_தம்பி

1919 கடைசியில முர்மான்ஸ்க் துறைமுகத்தால கொஞ்சக் கொரியச் சனம் இஞ்ச வந்தது, 35 பேர் மட்டில. ரஷ்யாவில கூலிவேலை செய்த ஆக்கள். பிரிட்டிஷ்காரன் ஜப்பானுக்கு அனுப்பப் பார்த்தவன். பாரிஸ் அலுவலகத்தில இருந்த ஹ்வாங் கி-ஹ்வான் ஓடித்திரிஞ்சு கதைச்சுத்தான் பிரான்சுக்கு எடுத்தவர். சுவிப் எண்ட ஊரில போர்க்களம் துப்புரவாக்கிற வேலை. செத்த சிப்பாயளப் புதைக்கிறது, வெடிக்காத குண்டு பொறுக்கிறது. அந்தக் கூலியிலயும் ஒரு பங்கை பாரிஸ் அலுவலகத்துக்குக் குடுத்தவை.

நீங்கள் ரெண்டு பேரும் எழுத்தாளரையும் ஆயரையும் பற்றிக் கதைக்கிறியள். அந்தச் சனத்தைப் பிரெஞ்சுக்காரன் எப்பிடிப் பார்த்தவன்? ஆளுக்கு என்ன கூலி எண்டுதான் பார்த்திருப்பான். எனக்கு அது விளங்கும்.

#15 ட்ராமா_ரசிகை

நான் வரலாறு படித்தவள் இல்லை. சுன்ஹ்யாங் கதை மட்டும் நன்றாகத் தெரியும், அதன் பாணியில் வந்த ட்ராமாக்களே நாலைந்து பார்த்திருக்கிறேன். கிசெங் ஒருத்தியின் மகள் (கிசெங் என்றால் நம் பழைய கணிகையர் மாதிரி, ஆடல்பாடல் தெரிந்தவர்கள்), ஒரு அதிகாரியின் மகனைக் காதலித்து, புதிதாக வந்த அதிகாரி மிரட்டியும் மசியாமல் சிறையில் அடிபடுவாள். அதன் பிரெஞ்சு வடிவம் 1892-ல் வந்தது என்று இந்த இழையால்தான் தேடிப் படித்தேன். செய்தவர் ரோனி என்ற எழுத்தாளர், உதவியவர் ஹொங் ஜொங்-உ, பிரான்சுக்குப் படிக்கப் போன முதல் கொரியர்.

அதில் சுன்ஹ்யாங் கிசெங் மகளே இல்லை, சாதாரணக் குடிமகள்! காதலன் அவளை நெருங்கப் பெண்வேஷம் போடுகிறான். மூலக்கதையின் உயிரே அவள் பிறப்புதானே? "கிசெங் மகளுக்குக் கற்பு எதுக்கு" என்று அதிகாரி கேட்பதும், அவள் திருப்பிக் கொடுப்பதும் இல்லாமல் என்ன சுன்ஹ்யாங்? பாரிஸ் வாசகனுக்குப் பிடித்த குறும்புக் காதல் கதை ஆகிவிட்டது.

அதோடு நிற்கவில்லை. 1936-ல் மொந்தே கார்லோவில் மிஷேல் ஃபோகின் பாலே ஒன்று அமைத்தார், அரங்கமும் உடையும் ஆந்த்ரே தெரேன். நாயகி பெயர் சுங்-யாங். எதிரே ஒரு பேராசைக்கார மாண்டரின் (சீன அதிகாரி). அதாவது கொரியாக்காரி சீனாக்காரி ஆகிவிட்டாள். 1936-ல் கொரியா என்று ஒரு நாடே இல்லை, கதையிலும் இல்லை.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அதுதான் ஒரு மாதிரியாக இருக்கிறது.

#16 கரிசல்காட்டான்

ரசிகை, நான் நாலு பதிவு கத்தியதை நீங்கள் ஒரே பதிவில் சொல்லிவிட்டீர்கள். "ட்ராமா கோஷ்டி" என்று முன்னொரு இழையில் கிண்டல் செய்ததை வாபஸ் வாங்குகிறேன்.

ஹொங் ஜொங்-உ பற்றி ஒரு வால். அவர் 1893-ல் ஊருக்குக் கிளம்பி, 1894 மார்ச்சில் ஷாங்காயில் சீர்திருத்தவாதி கிம் ஓக்-க்யூனைச் சுட்டுக்கொன்றார். பாரிசில் அவரோடு பழகிய ஓவியர் ஃபெலிக்ஸ் ரெகாமே "ஓர் அரசியல் கொலையாளி" என்று கட்டுரையே எழுதினார். கொரிய உடையில் மிடுக்காகத் திரிந்த நண்பர் கையில் துப்பாக்கியா என்று பாரிஸ் திகைத்தது. "சாது" என்று வைத்த சட்டத்துக்குள் ஹொங் அடங்கவில்லை. அவருக்கும் ஒரு அரசியல் இருந்தது, எனக்குப் பிடிக்காத அரசியல்.

#17 மேகலா_திண்டிவனம்

ரசிகை சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பாலே எனக்குத் தெரியாது.

ஆனால் மூன்று வருசம் தள்ளி, 1939 ஜனவரி 31-க்கு வாருங்கள். பாரிஸ் சால் ப்ளெயெல் அரங்கில் சோய் சுங்-ஹீ ஆடினார். "கொரிய நடனக்காரி" என்றுதான் விளம்பரம். பெயரை மட்டும் ஜப்பானிய உச்சரிப்பில் "சாய் ஷோகி" என்று போட்டார்கள். பாஸ்போர்ட் ஜப்பான், பெயர் ஜப்பான், ஆட்டம் கொரியா. சின்ன வயதில் கல்யாணமான பையன் வைக்கோல் தொப்பி போட்டுக்கொண்டு ஆடுகிற ஆட்டம் அவருடைய புகழ்பெற்ற உருப்படி. அரங்கிலிருந்தவர்கள் எதைப் பார்த்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? அந்த ஒரு சாயங்காலமாவது கொரியா என்ற சொல் பாரிஸ் சுவரில் இருந்தது.

#18 கரிசல்காட்டான்

இருந்தது. ஜப்பான் அனுமதித்ததால் இருந்தது. அமெரிக்காவில் அவர் ஆடியபோது கொரியர்களே எதிர்த்தார்கள். கொரிய நடனம் என்பது ஜப்பானுக்கு வசதியான சரக்கு: பாருங்கள், எங்கள் பேரரசில் எத்தனை வண்ணம் என்று. பாரிஸ் ரசிகன் "டூஸ்" என்று கைதட்டியிருப்பான். தண்ணீர் அர்த்தத்திலேயே வைத்துக்கொள்கிறேன்.

இதற்குப் பக்கத்தில் 1932 ஏப்ரல் 29-ஐ வையுங்கள். ஷாங்காயில் பிரெஞ்சு ஆளுகைக்குட்பட்ட பகுதியில்தான் 1919 முதல் நாடுகடந்த கொரியத் தற்காலிக அரசு இருந்தது. கொரியப் போராளி யூன் பொங்-கில் ஹொங்கெவ் பூங்காவில் ஜப்பானியத் தளபதிகள்மேல் குண்டு வீசினார். அன்றைக்கே பிரெஞ்சுப் போலீஸ் விடுதலைத் தலைவர் ஆன் சாங்-ஹோவைப் பிடித்து ஜப்பானியரிடம் கொடுத்தது. பதின்மூன்று வருச விருந்தாளி!

#19 மேகலா_திண்டிவனம்

அதே பதின்மூன்று வருசத்தில் ஜப்பானியர் தேடிவரப்போகிறார்கள் என்று அதே பிரெஞ்சு அதிகாரிகள் முன்கூட்டியே தகவல் கொடுத்ததையும் சொல்லுங்கள். நான் சொல்லவில்லை, தற்காலிக அரசின் கிம் கு தன் வரலாற்றில் எழுதியது. பதின்மூன்று வருசம் ஒளித்துவைத்தார்கள், ஒரு நாள் காட்டிக்கொடுத்தார்கள். இரண்டும் நடந்தது. உங்கள் கணக்கில் ஒரு பக்கம்தான் ஏறுகிறது.

ஒரே ஒரு விஷயம், அப்புறம் நான் சமைக்கப் போகவேண்டும். சோ யொங்-ஹே என்று ஒரு கொரியர், பிரெஞ்சில் "சே ரிங்-ஹே" என்று கையெழுத்துப் போடுவார். 1929-ல் பாரிசில் கொரியச் செய்தி நிறுவனம் ஒன்று தொடங்கினார். அதே வருசம் பிரெஞ்சிலேயே நாவல் எழுதினார். 1934-ல் கொரிய நாட்டுப்புறக் கதைகள். பிரெஞ்சுக்காரனுக்குக் கொரியா என்றால் வெள்ளை உடை, பழங்கதை, சாந்தம் என்று தெரியும் அல்லவா, அதே வாசல் வழியாக உள்ளே போய், நாவலுக்குள் மார்ச் 1 பிரகடனத்தை வைத்துவிட்டார். பரிதாபப் பார்வையோ பாசப் பார்வையோ, அதைப் பிடித்து ஏறத் தெரிந்த கொரியர்கள் இருந்தார்கள். உங்கள் வாதத்தில் கொரியர்கள் எல்லோரும் பார்க்கப்படுகிறவர்களாகவே இருக்கிறார்கள் அண்ணே. துய்க்ரோக் செய்த அதே வேலை.

#20 கரிசல்காட்டான்

கடைசி வரி வலித்தது. யோசிக்கிறேன்.

ஆனால் உங்கள் முதல் பதிவுக்கே திரும்புகிறேன். உய்க்வேயில் பல்லக்குக்கு ஆணி அடித்த தச்சன் பெயர்வரை இருக்கிறது என்றீர்கள். கும்முட்டி அடுப்பை ஈடு வைத்துக் கதை வாங்கிப்போனவள் கூரானிடம் யாரோ ஒருத்திதான். அவள் என்ன கதை எடுத்தாள் என்று யாராவது கேட்டிருந்தால் நான் இந்த இழைக்கே வந்திருக்க மாட்டேன்.

#21 மேகலா_திண்டிவனம்

அவர் கேட்கவில்லை. ஆனால் வாடகைக்கடைக் கதைகளின் தலைப்புகளைக் குறித்துவைத்தார், அவள் எடுத்ததும் அதில் ஒன்றாக இருக்கும். படித்த கனவான்கள் பெண்பிள்ளைக் கதை என்று ஒதுக்கிய கொரிய எழுத்துக் கதைகள் அவை. நாளைக்கு எழுதுகிறேன், குக்கர் விசில் அடித்துவிட்டது.

#22 லா_ஷப்பெல்_தம்பி

இண்டைக்குச் சாப்பாட்டு இடைவேளையில 38-க்கு முன்னால போய் நிண்டு படம் எடுத்தனான். பலகையில கொரிய எழுத்தும் பிரெஞ்சும் இருக்கு. கீழ ஆரோ சைக்கிள் கட்டி வச்சிருந்தவை, நகர்த்தேலாமல் போச்சு. படம் வடிவா வரேல்லை. நாளைக்கு வெள்ளன போய் எடுத்துப் போடுறன்.

ராயப்பன் ஐயா, அந்தப் பெரோன் பாதிரியார் பாண்டிச்சேரியில எங்க இருந்தவர் எண்டு தெரியுமோ?

#23 பாண்டி_ராயப்பன்

தெரியாது தம்பி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எங்கள் பங்கில் பழைய பதிவேடு பார்க்கிற பெரியவரிடம் கேட்கிறேன். சமாதி தோண்டப் போன கதையை மட்டும் அவரிடம் சொல்லாமல் கேட்கவேண்டும், பெட்டியைத் திறக்க மாட்டார்.